ஆட்டிசம் உள்ள பட்டதாரிக்குக் கணக்கு வேலை: எங்கே தேடுவது, எப்படித் தாக்குப்பிடிப்பது?

கேள்வி: பேரேடு

வணக்கம். வயது 26, பி.காம்., ஊர் மதுரை. டேலி (கணக்கு மென்பொருள்) நன்றாக வரும், ஜி.எஸ்.டி. தாக்கல் அடிப்படை தெரியும். ஆட்டிசம் என்று மனநல மருத்துவர் எழுத்தில் உறுதி செய்திருக்கிறார். அரசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை.

எண்களோடு எனக்குப் பிரச்சினை இல்லை. எண்களைச் சுற்றி நடப்பதோடுதான். போகிற போக்கில் வாயால் சொல்லிவிட்டுப் போகும் வேலை, ஒரே அறையில் மூன்று பேர் போனில் பேசுவது, டியூப் லைட், நடுவில் "அதை விட்டுட்டு இதைப் பாரு". சாயங்காலம் பேச்சே வராமல் போய்விடுகிறது.

எந்த மாதிரி இடம் தேட வேண்டும்? நேர்காணலில் ஆட்டிசம் என்று சொல்வதா, வேண்டாமா? சான்றிதழால் நடைமுறையில் என்ன பயன்? சேர்ந்த பிறகு உடம்பு விழாமல் எப்படி ஓட்டுவது? "தைரியமா இருங்க" என்பது வேண்டாம். என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று சொல்லுங்கள்.

பதில்: வவுச்சர்

தம்பி, விளம்பரத்துல இருக்கிற பேரைப் பார்த்துத் தேடாதீங்க. அந்த வேலையில ஒரு நாள் எப்படிப் போகும்னு பார்த்துத் தேடுங்க. "அக்கவுண்டன்ட் தேவை"ன்னு மூணு பேர் போடுவாங்க, மூணும் வேற வேற வேலை. கீழமாசி வீதி மாதிரி மொத்தக் கடைன்னா கணக்குப் பிள்ளைதான் பில் போடணும், லோடு வந்தா எண்ணணும், கல்லா பார்க்கணும், பாக்கிக்குப் போன் போடணும். சம்பளம் கூட இருந்தாலும் உங்களுக்கு அது ஆகாது. மில், தொழிற்சாலைன்னா கணக்குப் பிரிவு தனி அறையில இருக்கும், கொள்முதல் பில் பதிவுன்னா மாசம் முழுக்க அது மட்டும்தான். உங்க பட்டியல்ல அதை முதல்ல வைங்க. ஆடிட்டர் ஆபீஸ் ரெண்டுக்கும் நடுவுல. வேலை மேசையிலதான், ஆனா வாடிக்கையாளருங்க நேரா வந்து உட்காருவாங்க. வர்றவங்களை யார் கவனிக்கிறாங்கன்னு நேர்காணல்லயே கேட்டுக்குங்க. முன் மேசைக்குத் தனி ஆள் இருந்தா தயங்காம போகலாம்.

இந்தத் தொழில்ல உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒண்ணு இருக்கு. நெருக்கடி எப்போ வரும்னு ஒரு வருஷம் முன்னாடியே தெரியும். மாசம் 7 டி.டி.எஸ். (பிடிச்சு வச்ச வருமான வரி) கட்டணும். 11 ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனைக் கணக்கு). 15 பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20 ஜி.எஸ்.டி.ஆர்-3பி (வரி கட்டுற கணக்கு). மூணு மாசத்துக்கு ஒரு தடவை தாக்கல் பண்றவங்களுக்கு இந்த ஜி.எஸ்.டி. கணக்கு ரெண்டுக்கும் நம்ம மாநிலத்துல 13, 22. ஜூலையில இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் வருமான வரி, தணிக்கை. இதை ஒரு வருஷக் காலண்டர்ல சிவப்பு மையில குறிச்சு, அந்த நாட்களுக்கு முந்தின ரெண்டு நாள் சாயங்காலம் வேற எதுவும் வச்சுக்காதீங்க. கல்யாணம், வளைகாப்பு, பல் டாக்டர் எல்லாம் 22-க்கு மேல. லீவு கேட்கிறதும் 23-ல இருந்து 30-க்குள்ள கேட்டா மறுக்க மாட்டாங்க.

சின்ன ஆபீஸ்ல யாருக்கும் பிடிக்காத வேலை ஒண்ணு உண்டு: 14-ஆம் தேதி வர்ற ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யை (நமக்கு வித்தவங்க தாக்கல் பண்ணின பில் பட்டியல்) நம்ம கொள்முதல் பதிவேட்டோட ஒப்பிடுறது. அதை நீங்களா கேட்டு வாங்குங்க. தனியா உட்கார்ந்து, ஒரே முறையில, நுணுக்கமா செய்யற வேலை. தப்பு வர்ற இடங்கள் எண்ணிச் சொல்லிடலாம். பில் எண் ஒரு பக்கம் "0045", இன்னொரு பக்கம் "45"ன்னு இருக்கும். 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண்ணுல ஒரு எழுத்து மாறியிருக்கும். நம்ம ஊர் விற்பனையாளர் எண் 33-ல (தமிழ்நாட்டுக் குறி) ஆரம்பிக்காம இருந்தா, வரி உள்மாநிலமா வெளிமாநிலமான்னு பார்க்கணும். மாசக் கடைசி பில் அடுத்த மாசத்துல ஏறியிருக்கும். இந்த நாலையும் வரிசையா வடிகட்டினா மிச்சம் கொஞ்சமாத்தான் நிக்கும். "2பி-யா, அவர்கிட்ட கொடு"ன்னு ஆபீஸ்ல ஆயிட்டா, மத்த தொந்தரவு தானாக் குறையும்.

வாய்மொழி உத்தரவுக்கு வருவோம். "கொஞ்சம் பார்த்து அனுப்பிடு"ன்னா எதைப் பார்க்கணும், யாருக்கு, எப்போ எதுவுமே அதுல இல்லை. மேசையில ஒரு நோட்டு வச்சு மூணு கட்டம் போடுங்க: முடிஞ்ச வேலை எப்படி இருக்கணும், எத்தனை மணிக்குள்ள, யார் கையில கொடுக்கணும். காலியா இருக்கிற கட்டத்தை மட்டும் அங்கேயே கேளுங்க. "சார், எக்செல்லா, பிரிண்ட்டா? அஞ்சு மணிக்குள்ளயா?" அவ்வளவுதான். வாட்ஸ்அப்ல குரல் பதிவு வந்தா, கேட்டுட்டுப் புரிஞ்சதை மூணு வரியில தட்டச்சு பண்ணி "இப்படித்தானே சார்?"னு திருப்பி அனுப்புங்க. சொன்னதுக்கு ஆதாரமும் ஆச்சு. "எனக்கு வாயால சொன்னாப் புரியாது"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அது குறையாத்தான் காதுல விழும். "எழுத்துல இருந்தா தப்பு வராது சார்"னு சொன்னா எந்த முதலாளியும் தலையாட்டுவார்.

நடுவுல வேற வேலைக்கு இழுத்தா, எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி பத்து விநாடி எடுத்து, எந்த பில் வரைக்கும் ஏத்தினீங்களோ அந்த பில் மேலேயே பென்சில்ல ஒரு டிக். அதை விட்டாத்தான் ஒரே பில் ரெண்டு தடவை பதிவாகும்.

பதில்: உரிமைமனு

சான்றிதழ் பற்றி.

யூ.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், புகைப்படம், கையொப்ப நகல், மருத்துவரின் அறிக்கை தேவை. விண்ணப்பத்தில் தேர்ந்தெடுக்கும் அரசு மருத்துவமனையில் மதிப்பீடு நடக்கும். ஆட்டிசத்துக்குப் பயன்படுத்துவது ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல்: 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பட்டம் பெற்ற, நன்றாகப் பேசத் தெரிந்த பெரியவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். மதிப்பிடுபவர் எதிரில் அரை மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்தால் மதிப்பெண் குறைவாகத்தான் வரும். நடிக்கச் சொல்லவில்லை. மறைத்துப் பழகியதை அன்றைக்கும் மறைக்காதீர்கள் என்கிறேன். "நண்பர்கள் உண்டா?" என்றால் "உண்டு" என்று நிறுத்தாமல், எத்தனை பேர், யார் முதலில் பேசுவார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று சொல்லுங்கள். "தனியாக வெளியே போவீர்களா?" என்றால், போவதற்கு முன் என்னென்ன தயாரிப்பு, திரும்பியபின் எத்தனை மணி நேரம் எதுவும் முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிறுவயது விவரம் மிக முக்கியம். அம்மா அல்லது உங்களை வளர்த்தவர் உடன் வர வேண்டும். எப்போது பேச ஆரம்பித்தீர்கள், பள்ளியில் என்ன புகார் வந்தது, எந்தச் சாப்பாடு, எந்தச் சத்தம் ஆகாது என்று அவர் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வரட்டும். பழைய மதிப்பெண் அட்டைகளில் ஆசிரியர் எழுதிய குறிப்பு இருந்தால் நகல் வையுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் நிரந்தரமா தற்காலிகமா என்று பாருங்கள். தற்காலிகம் என்றால் முடியும் தேதியைக் குறித்து வையுங்கள்.

பயன் என்ன? 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் அரசு வேலையில் இடஒதுக்கீடு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 34-இன்படி மொத்தம் 4 சதவீதம். அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பன்முகக் குறைபாடு எல்லோருக்கும் சேர்த்து. வங்கி எழுத்தர் தேர்வுக்கான ஐ.பி.பி.எஸ். அறிவிப்பில் இந்த இடங்கள் "ஐ.டி." (அறிவுசார் குறைபாடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற நெடுவரிசையில் இருக்கும். கணினித் துறை என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். மத்திய அரசு 2021 ஜனவரியில் வெளியிட்ட பணியிடப் பட்டியலில் 3,566 பணிகள் உள்ளன. ஆட்டிசத்துக்கு ஏற்றவை "ஏ.எஸ்.டி.(எம்)" என்ற குறியுடன் இருக்கும், "எம்" என்றால் லேசான நிலை. விண்ணப்பிக்கும் பதவியில் அந்தக் குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாத பதவிக்குத் தேர்வில் வென்றாலும் மருத்துவக் கட்டத்தில் நின்றுவிடும். தேர்வில் கூடுதல் நேரம் வேண்டுமானால் விண்ணப்பிக்கும்போதே குறிப்பிட வேண்டும். தேர்வு நாளில் கேட்டால் கிடைக்காது.

40 சதவீதத்துக்குக் கீழே வந்தால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். இடஒதுக்கீடு கிடைக்காது, அவ்வளவே. விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவாகச் சொன்னது: நியாயமான வசதி செய்துதருவதற்கு 40 சதவீதம் நிபந்தனை ஆகாது.

தனியார் துறையில் சட்டம் எவ்வளவு கைகொடுக்கும் என்பதைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். வேலையில் பாகுபாடு கூடாது என்னும் அதே சட்டத்தின் பிரிவு 20 நேரடியாகக் கட்டுப்படுத்துவது அரசு நிறுவனங்களை. பிரிவு 21 தனியாருக்கும் பொருந்தும், ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான பணிகள், வசதிகள், தொடர்பு அலுவலர் என்று விரிவாக இருக்க வேண்டும். அதனால் பெரிய மில், பெரிய நிறுவனம் என்றால் சேர்வதற்கு முன் அந்தக் கொள்கையின் நகலைக் கேளுங்கள். ஆறு பேர் வேலைசெய்யும் ஆடிட்டர் அலுவலகத்தில் இதைப் பேசிப் பயனில்லை, அங்கே மேலே வவுச்சர் சொன்ன வழிதான். ஆரம்பச் சம்பளத்தில் வருமான வரியே வராது என்பதால், மாற்றுத்திறனாளிகளுக்கான வரிக் கழிவுக்காக இப்போது அலைய வேண்டாம்.

தேடுவதற்கு: மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சான்றிதழை இணைத்துப் பதிவைப் புதுப்பியுங்கள். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கும், அங்கும் பெயர் கொடுங்கள். தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளத்தில் மாவட்டம் வாரியாகத் தேடலாம். வேலைவாய்ப்பு முகாம்களில் கூட்டமும் ஒலிபெருக்கியும் இருக்கும். கதவு திறக்கும் நேரத்துக்கே போய், முன்பே குறித்து வைத்த நான்கு நிறுவனங்களை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

பதில்: செயல்வழி

உடல் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன். தொழில்வழி மருத்துவப் (ஆக்குபேஷனல் தெரபி) பார்வையில்.

வெளிச்சம். பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மின்னும். பெரும்பாலானோருக்குத் தெரியாது, சிலருக்குத் தலைவலியாகவும் கண் எரிச்சலாகவும் தெரியும். போன் கேமராவை மெதுவோட்டத்தில் வைத்துப் பாருங்கள், பட்டை பட்டையாக ஓடினால் அதுதான் காரணம். உங்கள் தலைக்கு மேல் உள்ள ஒரு விளக்கை மட்டும் நல்ல எல்.இ.டி.யாக மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆகும், உங்கள் செலவிலேயே செய்வதாகச் சொல்லலாம். விலை குறைந்த எல்.இ.டி.யும் மின்னும், வாங்கும் கடையிலேயே அதே சோதனையைச் செய்யுங்கள். சில கணினித் திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போதுதான் மின்ன ஆரம்பிக்கும். அப்படியானால் வெளிச்சத்தைப் பாதிக்கு மேலேயே வைத்து, நிறத்தை மஞ்சளாக்குங்கள்.

சத்தம். மெடிக்கல் கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் போதும், ஆனால் முக்கால்வாசிப் பேர் தப்பாக வைக்கிறார்கள். விரலால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, விரிந்து முடியும் வரை 20 முதல் 30 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சரியாகப் போகவில்லை. நாள் முழுதும் வைத்தால் காது கூர்மையாகி, எடுத்தவுடன் எல்லாமே கூடுதல் சத்தமாகக் கேட்கும். ஒப்பிடும் வேலைக்கு ஒன்றரை மணி நேரம், பிறகு எடுத்துவிடுங்கள். சுவருக்கு முதுகு காட்டி, வாசலுக்குப் பக்கவாட்டில் உட்கார இடம் கேளுங்கள். பின்னால் ஆள் நடமாட்டம் இருந்தால் உடம்பு காவல் காத்துக்கொண்டே இருக்கும், அதுவே களைப்பு.

வெள்ளிக்கிழமை பூஜை, சாம்பிராணிப் புகை. நேரம் தெரிந்ததுதான். அந்தப் பத்து நிமிடம் தண்ணீர் பிடிக்கப் போங்கள், கற்பூரம் காட்டும்போது வந்து நின்றால் போதும், யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். மதியம் சாப்பாட்டைப் பகிரும்போது "வயித்துக்கு இதுதான் ஒத்துக்குது" என்று உங்கள் டப்பாவைத் திறந்தால் பேச்சு அதோடு முடியும்.

பசி, தாகம், சிறுநீர் உணர்வு சிலருக்குத் தாமதமாகத்தான் எட்டும். வேலையில் மூழ்கி மாலை நான்கு மணிக்குத் தலைசுற்றும்போதுதான் தெரியும், அதைப் பதற்றம் என்று தவறாக எண்ணுவார்கள். 11, 1, 3:30 மணிக்குக் கைக்கடிகாரத்தில் அதிர்வு வையுங்கள். தாகம் இருக்கிறதோ இல்லையோ, எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர், கழிப்பறை.

மாலையில் பேச்சு வராமல் போவது பிடிவாதமும் இல்லை, சோம்பலும் இல்லை. அன்றைய கொள்ளளவு தீர்ந்துவிட்டது. வீட்டாரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசி ஏற்பாடு செய்யுங்கள்: வந்ததும் 30 நிமிடம் விளக்கணைத்த அறை, யாரும் கேள்வி கேட்பதில்லை, "சாப்பிட்டியா" கூட அதன் பிறகுதான். அவசரம் என்றால் பக்கத்து அறையிலிருந்தே வாட்ஸ்அப்பில் எழுதலாம். அலுவலகத்தில் அப்படி ஆனால் "தொண்டை சரியில்லை, எழுதித் தர்றேன்" என்ற ஒரு வரியைப் போனில் முன்பே அடித்து வையுங்கள். அந்த நேரத்தில் வாக்கியம் அமைக்க வராது.

இதைவிட ஆபத்தானது மெல்ல மெல்ல வரும் முழுச் சோர்வு. அடையாளம்: முன்பு தானாக நடந்தவை நின்றுபோகும். குளிப்பது தள்ளிப்போகும், ஒரே சாப்பாடுதான் இறங்கும், பழகிய கூட்டலில் பிழை வரும், முன்பு தாங்கிய சத்தம் தாங்காது. இரண்டு வாரம் தொடர்ந்தால் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் அதைச் சரிசெய்யாது. காப்பியைக் கூட்டி ஓட்டினால் இன்னும் ஆழமாகப் போகும். சுமையைக் குறைக்க வேண்டும்: மாதம் முழுக்க வாரத்தில் ஒரு அரைநாள் விடுப்பு, அல்லது ஒரு மணி நேரம் முன்னதாக வந்து முன்னதாகக் கிளம்புவது. காலை 8 மணிக்கு அலுவலகமும் அமைதி, பேருந்தும் காலி. விடுப்பு எடுத்து உறவினர் கல்யாணத்துக்குப் போவதை ஓய்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த நிலையில் ராஜினாமா முடிவும் எடுக்க வேண்டாம், முதலில் தூக்கம் திரும்பட்டும். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பேரேடு:

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். வவுச்சர் அண்ணே, அப்படியானால் ஆட்டிசம் என்ற சொல்லையே எடுக்கக் கூடாதா? படிப்பு முடிந்தபின் உள்ள இடைவெளியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: வவுச்சர்

சின்ன ஆபீஸ்ல முதல் நாளே எடுக்க வேண்டாம்கிறது என் கருத்து. முதல்ல தேவையைக் கேளுங்க: இடம், எழுத்துல உத்தரவு, வர்ற நேரம். மூணு மாசத்துல உங்க வேலை அவருக்குத் தெரிஞ்சிருக்கும், அப்புறம் முதலாளி ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லலாம். சொல்லும்போது மருத்துவ விளக்கம் வேண்டாம். "எனக்கு ஆட்டிசம் இருக்கு சார். ஒப்பிடுற வேலை நல்லா வரும். ஒரே நேரத்துல ரெண்டு பேர் சொன்னா தப்பு வரும், அதனால எழுதிக் கேட்பேன்." இந்த அளவு போதும்.

இடைவெளிக்கு நீளமா விளக்கம் சொல்லாதீங்க. "அந்தக் காலத்துல உடல்நிலை காரணமா வீட்டுல இருந்தேன், இப்போ சரியா இருக்கேன், டேலியும் ஜி.எஸ்.டி.யும் பயிற்சி பண்ணிருக்கேன்." சொல்லிட்டு நிறுத்திடுங்க. அமைதியா இருந்தாலும் அதை நிரப்ப வேண்டாம், அடுத்த கேள்வி அவர் பொறுப்பு. கண்ணைப் பார்க்க முடியலைன்னா புருவ நடுவுல பாருங்க. நோட்டைத் திறந்து வச்சுக் குறிப்பெடுத்தாலும் குனிஞ்சிருக்கிறது இயல்பாத் தெரியும்.

பேச்சுல உங்களைக் குறைவா எடை போடுவாங்க. அதனால நீங்களே கேளுங்க: "முப்பது பில் கொடுங்க சார், பதிவு பண்ணிக் காட்டுறேன்." பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. அந்த நேரத்துல இடத்தையும் கவனிங்க: எத்தனை போன் அடிக்குது, முதலாளி கத்துறாரா, மத்தவங்க தப்பு பண்ணினா எப்படிப் பேசுறார். கத்துற இடம்னா சம்பளம் எவ்வளவா இருந்தாலும் வேண்டாம்.

பதில்: உரிமைமனு

வவுச்சர் சொன்னதில் ஒரு மாற்றம். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில், பணி நியமனக் கடிதம் கைக்கு வந்ததும், சேர்வதற்கு முன், மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துப் பிரச்சினை எழுந்தபின் சொன்னால் சாக்கு என்று எடுப்பார்கள், பதிவும் இருக்காது. மின்னஞ்சலில் கேட்கும் வசதிகள் இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் செலவு எவ்வளவு என்றும் எழுதுங்கள். பலதுக்குச் செலவு சுழியமாகத்தான் இருக்கும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து அதே மின்னஞ்சலுக்கு மேலேயே நினைவூட்டல் அனுப்புங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம். பாகுபாடு நடந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுக்க அந்த மின்னஞ்சல் தொடர்தான் ஆதாரம். அதை அலுவலக முகவரியில் மட்டும் விட்டுவைக்காமல், உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். வேலையை விட்டு வெளியே வந்த அன்றே அலுவலகக் கணக்கு மூடப்படும்.